வெடி சுமந்த நாயும் வாவிக்கரைச் சிறுவரும்

தங்கம் தேடிப் பாறையிலே குழி வெட்டும் மூன்று ஏழைத் தொழிலாளர். பக்கத்திலே ஓர் ஓடை. அதன் மடுக்களில் மீன். தூண்டிலைப் போட்டுவிட்டுக் குந்திக்கொண்டிருக்கப் பொறுமையில்லாத அவர்களுள் ஒருவன், பாறை பிளக்க வைத்திருக்கும் மருந்தைக் கொண்டே மீனையும் பிடித்துவிடலாமென்று யோசனை சொல்கிறான். இன்னொருவன் பெரியதொரு வெடியைக் கட்டித் தயார்செய்கிறான். அவர்களிடம் கறுப்பு நாயொன்று உண்டு. உடம்பு வளர்ந்தும் குட்டிப் புத்தி மாறாதது. எதை எறிந்தாலும் கவ்விக்கொண்டு வந்து எசமானிடம் சேர்ப்பிப்பதே அதன் வித்தை. அது வெடியைக் கவ்வுகிறது. தொங்கும் திரி அடுப்பு நெருப்பிலே பட்டுப் பற்றிக்கொள்கிறது. மூவரும் மூன்று திசையில் ஓட, இதுவும் ஒரு விளையாட்டென்றெண்ணி நாயும் வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் ஓடுகிறது. ஒருவன் மரத்தில் ஏறுகிறான். ஒருவன் மதுக்கடைக்குள் புகுகிறான். நாயும் அங்கே வந்து சேர்கிறது. கடைசியில், ஊர் நாய்களையெல்லாம் கடித்துத் திரியும் மஞ்சள் நாயொன்று அந்த வெடியைத் தட்டிப் பறித்துக்கொண்டு அதன் பலனையும் அனுபவிக்கிறது. கறுப்பு நாயோ நல்ல காரியம் செய்துவிட்டவன்போல முகம் மலர்ந்து எசமானைத் தேடி வருகிறது.

ஹென்றி லோசன் எழுதிய இக்கதை 1901ஆம் ஆண்டு வெளிவந்த அவரது தொகுதியொன்றில் இடம்பெற்றது. சிறுவருக்கென்று எழுதப்பட்டதன்று, ஆனால் அவுஸ்திரேலியச் சிறுவர் அதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டனர். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கோ இக்கதையை விளக்கிச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. வெடி போட்டு மீன் பிடிப்பது இன்னதென்று கிழக்குக் கரையிலே எல்லாருக்கும் தெரியும். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது; தடைக்குப் பின்னும் வெடியோசை முற்றாக ஓய்ந்துவிடவில்லை. வாவி இருக்கிறது, மீன் இருக்கிறது, வெடி இருக்கிறது, நாய்க்கோ பஞ்சமேயில்லை. ஆயினும் இப்படியொரு கதை நமது சிறுவர் கையில் இருக்கும் புத்தகத்திலே ஏன் பிறக்கவில்லை? ஆசிரியத் தொழிலில் இருப்போர் சிறிது நின்று சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

லோசன் யார் என்பதை முதலில் நோக்குவோம். 1867இல் தங்கவயற் குடியிருப்பொன்றிலே பிறந்தவர். தந்தை நோர்வே நாட்டு மாலுமி. தங்கம் தேடிக் கரையிறங்கியவர். தாய் லூயிசா லோசன் பெண்களுரிமைக்காக 1888இல் பத்திரிகை தொடங்கியவர். மகனுக்குப் பள்ளிப்படிப்பு அற்பம்; சிறுவயதிலேயே செவிப்புலன் கெட்டது. தச்சுவேலை செய்தார்; வண்டிகளுக்கு வர்ணம் பூசினார்; தொழிலாளர் இயக்கம் எழுந்த காலத்தில் அதன் குரலாக எழுதினார். 1922இல் அவர் இறந்தபோது அரசாங்க மரியாதையோடு அடக்கஞ்செய்தார்கள். உயிரோடிருந்த காலத்தில் வறுமைக்கு விட்டுவிட்டு, செத்த பின் கொடி போர்த்துவது எல்லா அரசாங்கங்களுக்கும் பொதுவான வழக்கம்போலும்.

1892இல் எழுதிய வேறொரு கதையிலும் லோசன் ஒரு நாயையும் ஒரு சிறுவனையும் படைத்தார். கணவன் ஆட்டு மந்தை சாய்த்துத் தொலைதூரம் போய்விட, காட்டுக் குடிசையிலே தாயும் பிள்ளைகளும் தனித்திருக்கின்றனர். வீட்டுத் தரைப்பலகையின் கீழே பாம்பொன்று புகுந்துவிடுகிறது. விடியும்வரை தாயும் நாயும் காவலிருக்கின்றனர். மூத்த பையன் டொமி தடியோடு துள்ளுகிறான், தாயிடம் வசவு கேட்கிறான், கெட்ட வார்த்தையும் பேசுகிறான். விடிந்ததும், தான் ஒருநாளும் மந்தை சாய்க்கப் போகமாட்டேனென்று தாய்க்கு வாக்குக் கொடுக்கிறான். நகைப்பும் கண்ணீரும் ஒரே குடிசைக்குள் இருக்கின்றன. உழைப்பாளி குடும்பத்தின் வாழ்வைத் தெரிந்தவனுக்கே இது வாய்க்கும்.

அக்காலத்து அவுஸ்திரேலியச் சிறுவன் பள்ளியிலே எதைப் படித்தான்? இங்கிலாந்தின் பனியையும் வசந்தகாலப் பூக்களையும் படித்தான். மார்கழி வெயிலில் உடல் எரிய, பனி மூடிய நத்தார் இரவைப் பற்றிய பாட்டை மனனஞ்செய்தான். தன் மண்ணைத் தன் புத்தகத்திலே காணாத பிள்ளை அவன். 1894இல் எதெல் டேர்னர் ‘ஏழு சின்ன அவுஸ்திரேலியர்’ என்னும் நாவலை வெளியிட்டபோது, முதற் பக்கத்திலேயே, ஒழுக்கமான மாதிரிப் பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாமென்று எச்சரித்துவிட்டார். சிட்னி நகரத்து வீடொன்றில் தந்தையின் கட்டளைகளைத் தவிடுபொடியாக்கும் பிள்ளைகளின் கதை அது.

பின்னர் பத்திரிகையின் சித்திரக் கதைக்குள் தெருப் பையன்கள் புகுந்தார்கள். 1921 நவம்பர் 13ஆம் திகதி சிட்னியின் ‘சண்டே சன்’ பத்திரிகையிலே ஜிம்மி பாங்ஸ் வரைந்த செம்பட்டைத் தலைப் பையன் ஜிஞ்சர் மெக்ஸ் தோன்றினான். கிரிக்கெட் அடித்துக் கண்ணாடி உடைப்பவன். விறகு கொத்தச் சொன்னால் மறைந்துவிடுபவன். தன்னிலும் பெரிய முரடனிடம் அடி வாங்கி, மறுவாரம் புத்தியால் பழி தீர்ப்பவன். அவனோடு மைக் என்னும் நாய், டோனி என்னும் குரங்கு. இரண்டாண்டின் பின் சிட் நிக்கல்ஸ் வரைந்த ‘ஃபாட்டி ஃபின்’ வந்தான்; இவனுக்கு நாய்க்குப் பதில் ஆடு. 1927இல் இவனை வைத்து எடுத்த மௌனப் படத்தில், துறைமுகத் தொழிலாளர் வாழும் தெருக்களிலே சிறுவர் ஆட்டு வண்டிப் பந்தயம் நடத்துகிறார்கள். சேரிப் பிள்ளையின் குறும்பு குற்றமாகக் கருதப்படாமல் நாடு முழுவதும் சேர்ந்து சிரிக்கும் விடயமாயிற்று. இது சிறிய மாற்றமன்று. பணக்காரப் பிள்ளை செய்தால் சுட்டித்தனம், ஏழைப் பிள்ளை செய்தால் களவு என்பதே உலக வழக்கு. சட்டமும் பள்ளிக்கூடமும் அப்படியே பார்க்கும். அந்தத் தீர்ப்பைச் சிரிப்பு புரட்டிப்போட்டது.

ஆனால் இந்தச் சிரிப்பிலே யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். லோசனின் காட்டிலே அந்த மண்ணின் ஆதிக்குடிகள் நிழல்களாகவே வந்து போகின்றனர். எதெல் டேர்னரின் நாவலில் ஆதிக்குடிக் கிழவர் ஒருவரிடமிருந்து வந்த கதையொன்று இருந்தது. 1900ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை வெட்டியெறிந்தார்கள். நூற்றாண்டுப் பதிப்பு வெளியான 1994 வரை அது திரும்பவில்லை. லோசனை வளர்த்துவிட்ட ‘புலட்டின்’ சஞ்சிகை 1908 முதல் 1960 வரை அவுஸ்திரேலியா வெள்ளையனுக்கே என்று தலைப்பிலேயே பொறித்துக்கொண்டு வந்தது. வெடி சுமந்த நாயின் கதை தொகுதியாக வந்த அதே 1901இல்தான் ஆசியர் உள்ளே வராமல் தடுக்கும் குடிவரவுச் சட்டமும் அங்கே நிறைவேறியது. அத்தொழிலாளர் இயக்கம் தன் வர்க்கத்தை நேசித்தது. நிறத்தால் வேறானவனைத் தன் வர்க்கமாக எண்ணவில்லை. லோசனும் இந்தக் குறுகிய மனப்பான்மைக்கு விலக்கானவரல்லர்.

இனி நமது கரைக்கு வருவோம். வில்லியம் ஓல்ற் பாதிரியார் 1814இல் மட்டக்களப்பிலே வந்திறங்கிப் பள்ளி தொடங்கினார். அன்று முதல் ஆங்கிலம் படித்த சிறு கூட்டத்துப் பிள்ளைகளும் அவுஸ்திரேலியச் சிறுவனைப் போலவே பனியையும் நரியையும் படித்தனர். பிற்காலத்தில் றிச்மல் குரொம்ப்டனின் வில்லியமும் அவன் நாயும், எனிட் பிளைட்டனின் ஐவரும் அவர்கள் நாயும் அப்பிள்ளைகளின் கற்பனையில் குடிபுகுந்தனர். கல்லடிப் பாலத்தடியில் நின்றுகொண்டு இங்கிலாந்தின் கள்ளக்கடத்தற்காரனைத் தேடிய பிள்ளைகள் இவர்கள்! அவர்களைக் குறைசொல்வதற்கில்லை, சிரிப்பு கிடைத்த இடத்துக்குத்தானே பிள்ளை போகும்.

தமிழிற் படித்த பிள்ளைகளின் நிலை வேறு. ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே எழுதிய பாலபாடங்கள் தமிழ் வசனத்துக்குச் செய்த பணியை யாரும் மறுக்கவியலாது. ஆனால் அங்கே பிள்ளை எப்பொழுதும் கேட்டுக்கொண்டிருப்பவன், புத்தி சொல்லப்படுபவன். பின்வந்த வாசிப்புப் புத்தகங்களும் அந்த அச்சிலிருந்து அதிகம் விலகவில்லை. அவற்றிலே நாய் இரண்டே வேடத்தில் வரும். ஒன்று, தண்ணீரிலே தன் நிழலைக் கண்டு வாயிலிருந்த எலும்பைப் பறிகொடுக்கும் பேராசைக்கார நாய். மற்றது, எசமானுக்காக உயிர்விடும் நன்றியுள்ள நாய். முன்னதால் பேராசை கூடாதென்று படிக்கிறோம். பின்னதால் அடங்கி நடக்கவேண்டுமென்று படிக்கிறோம். வெறுமனே வாலை ஆட்டிக்கொண்டு ஊரைக் கலக்கும் நாய்க்கு அங்கே இடமில்லை. நாய்க்கே இல்லாத சுதந்திரம் பையனுக்கு எங்கிருந்து வரும்?

நகைச்சுவை அறவே இல்லையென்று சொல்லிவிடமுடியாது. தெனாலிராமன் இருந்தான், மரியாதைராமன் இருந்தான், சிங்களவரிடமிருந்து அந்தரேயும் வந்து சேர்ந்தான். ஆனால் இவர்கள் அரண்மனையை அண்டியிருந்த வளர்ந்த மனிதர். அரசனைச் சிரிக்கவைத்துப் பரிசு பெறுவது இவர்கள் தொழில். பிள்ளை பிள்ளையாகவே சிரிக்கும் கதை வேறு.

1925இலிருந்து சுவாமி விபுலாநந்தர் கிழக்கிலே இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவன் மகனும், வாவியில் வலை வீசியவன் மகனும் வாங்கிலே வந்தமர்ந்தனர். பள்ளியின் கதவு திறந்ததே தவிர, புத்தகத்தின் கதவு அவ்வளவு எளிதிலே திறக்கவில்லை. 1980இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடநூல் இலவசமாகவே வந்தது. ஒரே நூலை நாடு முழுவதும் படித்தபோது படுவான்கரைப் பிள்ளை அதனுள்ளே தன்னைத் தேடிக் காண்பது எளிதாகிவிடவில்லை.

புத்தகத்துக்கு வெளியிலோ சிரிப்புக்குக் குறைவேயில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகளிலே, வேளாண்மை விளைந்து கதிர் முற்றும் காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவலிருப்பவர்களோடு சிறுவரும் பரணிலே இராக் கழிப்பர். கீழே நாய் படுத்திருக்கும். நொடி போடுவதும், பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவதும், பயந்தவனைப் பிடித்துக் கேலி பண்ணுவதும் அந்த இரவுகளின் கல்வி. நாய் குரைத்தால் பன்றியா, பேயா, பக்கத்து வயற்காரனா என்று பந்தயம் கட்டுவர். எழுவான்கரையிலோ வசந்தன் கூத்து. கோலெடுத்து ஆடுவோர் சிறுவரே. அந்தப் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இலே ‘மட்டக்களப்பு வசந்தன்கவித் திரட்டு’ என்ற பெயரில் அச்சேற்றினார், வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழக’த்திலே இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்துவைத்தார். இருவருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் பாட்டைத் தொகுத்தவர்கள், ஆடிய பையன் ஆட்டத்துக்கிடையிலே பக்கத்திலிருப்பவன் காலைத் தட்டிவிட்ட கதையைத் தொகுக்கவில்லை. பண்பாடென்று நாம் சேர்த்துவைத்ததெல்லாம் பெரியவர்களுக்கு மதிப்பாகத் தோன்றியவை மட்டுமே. அறுபதுகளிலே தேசிய இலக்கியம், மண்வாசனை என்று நமது முற்போக்காளர் முழங்கிய காலத்திலும் அந்த மண்ணிலே விளையாடிய பிள்ளைக்கென்று எழுதியவர் மிகச் சிலரே. சிறுவர் இலக்கியம் பெரிய எழுத்தாளர் செய்யும் வேலையன்று என்ற எண்ணம் இடதுசாரிகளிடமும் இருந்தது. விவாதத்துக்கு ஒதுக்கிய பக்கங்களில் பத்திலொன்றைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

சஞ்சிகைகளும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தன. 1947இலே தோன்றிய ‘அம்புலிமாமா’ இங்கும் வீடுவீடாகப் போயிற்று. 1950இல் சென்னையிலே அழ. வள்ளியப்பா முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. அதன் வழிவந்த நூல்களும் வந்தன. எழுபதுகளின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு விதித்தபோது, உள்ளூர் எழுத்துக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. பெரியவர் இலக்கியம் அதை ஓரளவு பயன்படுத்திக்கொண்டது. சிறுவர் இலக்கியம் அவ்வளவு பயன்படுத்தவில்லை.

இந்த வெறுமையிலேதான் மாஸ்டர் சிவலிங்கம் என்ற மனிதரின் அருமை தெரியும். 1933இல் மட்டக்களப்பு மஞ்சந்தொடுவாயிலே பிறந்தவர். கொழும்பிலே ‘தினபதி’, ‘சிந்தாமணி’ பத்திரிகைகளில் சிறுவர் பகுதியை நடத்தினார். ‘அன்பு தந்த பரிசு’ முதலிய நூல்களை எழுதினார். வில்லிசையும் அவருக்குக் கைவந்தது. ஆனால் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அவர் எழுத்தாளர் என்பதிலும் கதைசொல்லி என்பதே முதன்மை. கதையில் வருவது நாயென்றால் நாயாகவும், பாட்டியென்றால் பாட்டியாகவும், இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பையனென்றால் பையனாகவும் குரலும் முகமும் மாறும். ஜிஞ்சர் மெக்சுக்கு ஞாயிற்றுப் பத்திரிகை எதுவோ, அது நமது பிள்ளைகளுக்கு அம்மனிதரின் உடம்பும் தொண்டையும். சிட்னியிலே சித்திரத்தை அச்சடித்து நாடெங்கும் அனுப்ப முதலாளிகள் இருந்தனர். இங்கே கதைசொல்லி பள்ளி பள்ளியாகத் தானே போகவேண்டியிருந்தது. 2022இல் அவர் மறைந்தபோது அச்சிலே எஞ்சியது அவர் சொன்னவற்றில் ஒரு பங்குதான். குரைப்பை அச்சிலே எப்படிப் போடுவது?

அவர் கதை சொல்லிய காலம் என்ன காலம் என்பதை நினைக்கவேண்டும். 1990 ஆவணி 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர், சிறுவரும் அதிலடக்கம். புரட்டாதி 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அண்டையூர்களிலுமிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டவர்களிலும் குழந்தைகள் இருந்தனர். முன்னதைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள். பின்னதில் குற்றஞ்சாட்டப்பட்டது அரச படை. ஒரே நொடியைப் போட்டுச் சிரித்த தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் நடுவே வேலி எழுந்தது. பின்பு பிள்ளைகளின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்தார்கள். 2004 சித்திரையில் வெருகல் மோதலையடுத்துக் கிழக்கிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் படையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பியபோதுதான் எத்தனை வாங்கு வெறுமையாயிருந்ததென்பது வெளிப்படையாயிற்று. அவர்களிற் சிலரை மறுபடியும் பிடித்துச் சென்றனர் என்பது இன்னும் கொடுமை. அவ்வாண்டு மார்கழி 26ஆம் திகதி கடலும் வந்தது. நாவலடியும் கல்லடியும் பிள்ளைகளை அள்ளிக்கொடுத்தன.

லோசனின் கதையிலே வெடி வெடித்த பின்னும் கறுப்பு நாய் சிரித்துக்கொண்டு வருகிறது. வெடியென்றால் உண்மையாகவே இன்னதென்று தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லலாமா என்று ஆசிரியர் சிலர் தயங்குவர். தயக்கம் நியாயமானதே. ஆனால் துயரப்பட்ட பிள்ளைக்குத் துயரக் கதையும் நீதிக் கதையுமே ஏற்றவை என்று முடிவுகட்டுவது வேறு. அது பிள்ளையைக் கேளாமல் பெரியவர் எழுதும் தீர்ப்பு. மட்டக்களப்பு மண்ணின் நாடகக்காரர் சி. மௌனகுரு எண்பதுகளிலே, யுத்தம் தொடங்கிவிட்ட நாளில், ‘தப்பி வந்த தாடி ஆடு’ என்று சிறுவர் நாடகம் எழுதினார். தாடி வைத்த ஆடொன்று கயிற்றறுத்துக்கொண்டு மேடைக்கு வருவதே பிள்ளைகளுக்குப் பாதி விடுதலை. ஓ. கே. குணநாதன் சிறுவருக்கென்றே நூல்களை எழுதிவந்திருக்கிறார். இவர்களை வாசிப்பறையில் வைக்காத பள்ளிகள் இன்னும் உண்டு.

வெள்ளையருக்கே என்றிருந்த அவுஸ்திரேலியாவின் கதவு 1973இல் சட்டப்படி திறந்தது. மட்டக்களப்பிலே ஆசிரியராயிருந்து, முற்போக்காளரோடு முரண்பட்டு நற்போக்குப் பேசிய எஸ். பொன்னுத்துரை பிற்காலத்தில் அங்கே குடியேறி, 2014இல் சிட்னியிலே காலமானார். அவர் போனது விமானத்தில். 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் படகேறி அந்நாட்டை அடைந்தனர். நம் கரையோரத்து இளைஞரும் அவர்களில் இருந்தனர். பலர் திருப்பியனுப்பப்பட்டனர், சிலர் தீவுகளிலே அடைபட்டனர், சிலரது குடும்பங்கள் எப்படியோ வேரூன்றின.

வேரூன்றியவர்களின் பிள்ளைகள் இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் பள்ளி செல்கின்றனர். வாவியிலே வெடி போட்டவன் பேரனொருவன் அங்கே வகுப்பறையில் லோசனின் கறுப்பு நாயைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனால், அவனுக்காக அங்கே எலும்பைப் பறிகொடுத்த பழைய நாய் காத்திருக்கும்.